கேட்காமல் கொடுத்த பொருத்தனை

ஆம்பூர் கோவில் தெருக் கத்தோலிக்கர்கள் பொருத்தனை என்கிற நேர்த்திக்கடன் கொடுப்பதில் ஒருநாளும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலா, அந்தோனியாருக்கு மொட்டை. மாடு காணாமல் போய்விட்டதா, ஆளுயர மெழுகுவத்தி. தோல் ஷாப்பில் மேஸ்திரி வேலை கிடைக்க வேண்டுமா, ஒரு வெள்ளாடு. ஆட்டை நேர்ந்துவிடும்போது அதைக் கூப்பிட்டு நிறுத்தி, உனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை. அதில் தப்பும் இல்லை, ஆட்டுக்குப் பதில் சொல்லத் தெரியாது. இராயப்பன் அதே வழக்கத்தைப் பெண்டாட்டி விஷயத்திலும் கடைப்பிடித்தான். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அந்தப் பெண்டாட்டியின் பெயர் ஆரோக்கியமேரி. விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் பிறந்தவள். ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும், புருஷன் வேலை செய்த, தோல் பதனிடுகிற ஷாப்பிலேயே அவளுக்கும் வேலை கிடைத்தது. தோல் ஊறுகிற தொட்டிகளுக்கு ஆவாரம்பட்டையை இடித்துக் கொடுக்கிற கொட்டகை அவளுடையது. பட்டை இடிக்கிற பெண்களின் உள்ளங்கையில் சாயம் ஏறிப் பழுத்துவிடும். என்ன தேய்த்தாலும் போகாது. மற்றவர்கள் கல்யாணம் காட்சிக்குப் போனால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். இவள் ஒளிக்க மாட்டாள். "மருதாணி இலைக்கு அலையற வேலை மிச்சம்" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கொட்டகை தாண்டித் தொட்டிவரைக்கும் கேட்கும்.

தொட்டியில்தான் இராயப்பன் நின்றான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. கோவிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் பட்டமெல்லாம் பின்னால் வந்தது. அப்போது அவனிடம் இருந்தது ஒரு நல்ல குரல் மட்டும். கோவில் பாட்டுக்கு நாடகக் கொட்டகை மெட்டைப் போட்டுப் பாடிக் காட்டி அவளைச் சிரிக்க வைப்பான். அவர்கள் வீட்டில் விளக்கணைத்த பிறகும் பேச்சும் சிரிப்பும் ஓயாது. பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வேண்டுமென்றே இருமிக் காட்டுவார்கள். ஆரோக்கியமேரி அந்த இருமலுக்கும் சேர்த்துச் சிரிப்பாள். அவள் சுகமாக இருந்தாள். இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் வந்த பக்தி, அந்தச் சுகத்தைப் பற்றி மூக்கைப் பொத்திக்கொண்டே பேசியது.

பிறகு பெரிய காய்ச்சல் வந்தது. வெள்ளைக்காரன் யுத்தம் முடிகிற சமயம். வீட்டுக்கு ஒருவர் விழுந்தார்கள், சில வீட்டில் எழுந்திருக்க ஆளே இல்லை. ஆரோக்கியமேரி நினைவு தப்பிக் கிடந்தாள். வைத்தியர் கையை விரித்தார். பங்குச் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். இராயப்பன் கோவிலுக்கு ஓடி அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் விழுந்தான்.

அங்கே நிலைமை நன்றாக இல்லை. தெருவில் எல்லாரும் ஆட்டையும் கோழியையும் ஏற்கெனவே நேர்ந்திருந்தார்கள். அப்படியும் சவம் போய்க்கொண்டுதான் இருந்தது. சாதாரணப் பொருத்தனை எடுபடாது என்று இராயப்பனுக்குத் தோன்றிவிட்டது. தன்னிடம் இருப்பதில் தனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று யோசித்தான். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அவளப் பொழைக்க வையி, அந்தோனியாரே. இனிமே அவளத் தொடவே மாட்டேன். அண்ணன் தங்கச்சியா இருந்துக்கறோம்" என்று அழுதுகொண்டே சொன்னான்.

அவள் பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய அன்று, இராயப்பன் நல்ல செய்தி சொல்வதுபோல இதைச் சொன்னான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாய்யா?" என்றாள்.

"நீதான் நெனப்பில்லாம கெடந்தியே. எப்பிடிக் கேக்கறது?"

"இப்ப நெனப்பு இருக்கு இல்ல? இப்ப கேளு."

"குடுத்தது குடுத்தாச்சு மேரி. திரும்ப எடுத்தா சும்மா வுடுவாரா?"

கஞ்சி ஆறிப்போயிற்று. அவள் குடித்து முடித்தாள். உடம்பு தேறட்டும், ஆள் வழிக்கு வந்துவிடுவான் என்று நினைத்தாள். நினைத்ததில் நியாயம் இருந்தது. அந்த முதல் மாதங்களில் அவன் உண்மையாகவே தவித்தான். ராத்திரியில் எழுந்து போய்ப் பாலாற்று மணலில் படுத்துவிட்டு வருவான். இன்னும் கொஞ்சநாள் யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் தானாகவே தோற்றிருப்பான். தெரு கவனித்துவிட்டது.

இராயப்பனின் பொருத்தனை தெருவில் பரவியதும் அவன் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. ஆட்டை நேர்ந்தவன், கோழியை நேர்ந்தவன் எல்லாம் அவன் முன்னால் தலையைச் சொறிந்தார்கள். கிழவிகள் அவனைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பங்குச் சாமியார் கூப்பிட்டு, இது இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவா என்று கேட்டபோது, ஆமாம் சாமி, அவளுக்கும் அதுதான் ஆசை என்று சொல்லிவிட்டான். பழைய உபதேசியார் காலமானதும் அந்த வேலை இவனுக்கே வந்தது. தொட்டித் தண்ணீரிலிருந்து கரையேறினான். பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் பிரசங்கம் இவன் சொன்னால் கோவில் ஒப்பாரி வீடாகிவிடும். பக்தி அவனுக்கு உத்தியோகமாகிப் போனது. உத்தியோகத்தை யார் விடுவார்கள்?

வீட்டிலும் மாற்றங்கள் வந்தன. உபதேசியார் சம்சாரம் புருஷனை "யோவ்" என்று கூப்பிடக் கூடாது என்றான். அவள் "நீங்க" போடத் தொடங்கினாள். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மரப்பெட்டியில் சின்ன அந்தோனியார் சுரூபம் வாங்கி வந்து, இரண்டு பாய்களுக்கும் நடுவில் வைத்தான். அந்தோனியார் இடுப்பில் பாலசேசுவைத் தூக்கி வைத்திருப்பார். விளக்கு வெளிச்சத்தில் ஆரோக்கியமேரி அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கல்யாணமாகாத சாமியார், அவர் கையில் ஒரு குழந்தை இருந்தது. இவள் கையில் இல்லை. அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. புனிதர்மேல் பொறாமைப்படுவது எந்தக் கட்டளைக்கு விரோதம் என்று அவளுக்குத் தெரியாததால், அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை.

இப்படி ஏழு வருஷம் ஓடிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருமுவதையே மறந்துவிட்டார்கள்.

அப்போதுதான் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் காலி மனையில் அப்துல் சமத் சாயபு டெண்ட் அடித்தார். ஊர் ஊராகப் படம் காட்டுகிறவர். படம் பேசாத காலம் அது. திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நீளக் கம்போடு நின்று, இவன் யார், அவள் யார், என்ன சொல்கிறாள் என்று ஜனங்களுக்குக் கதை சொல்லுவான். நடுநடுவில் திரையில் வருகிற இங்கிலீஷ் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டரும் இன்னும் ஓரிருவரும்தான். ஆகையால் கம்பு பிடித்தவன் சொன்னதுதான் கதை.

சமத் சாயபு கொண்டுவந்த சீமைப் படத்துக்குச் சொந்தப் பெயர் என்னவோ, அவர் வைத்த பெயர் "சிப்பாய் சந்நியாசி அல்லது சம்சாரத்தின் கண்ணீர்". கதை இதுதான். ஒரு சிப்பாய் யுத்தத்தில் குண்டடிபட்டுக் கிடக்கிறான். பிழைத்தால் மடத்தில் சேர்ந்து சந்நியாசி ஆகிறேன் என்று வேண்டிக்கொள்கிறான். பிழைக்கிறான். வீட்டுக்குப் போகாமலே மடத்தில் சேர்ந்துவிடுகிறான். அவன் பெண்டாட்டி தினமும் மடத்துச் சுவருக்கு வெளியே வந்து நிற்கிறாள்.

கொட்டகையில் கூட உட்கார்ந்து பட்டை இடிக்கிற அமிர்தவள்ளி முதல் ஆட்டமே பார்த்துவிட்டு வந்து கதையைச் சொன்னாள். ஆரோக்கியமேரியின் உலக்கை நின்றுவிட்டது.

"அப்புறம் இன்னா ஆச்சு? கதவத் தொறந்தாங்களா?"

"நீயே வந்து பாரேன்டி. அழுவாச்சி படம். கடைசில ஒண்ணு வருது பாரு, அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு" என்று சொன்ன அமிர்தவள்ளி வெட்கப்படாமல் முழுவதும் சொன்னாள்.

இந்தக் கடைசிச் சங்கதி இராயப்பன் காதுக்கும் எட்டியது. சாமியார் அங்கி போட்ட ஆள் பெண்பிள்ளையைக் கட்டிப்பிடிக்கிறானாம்! நேராகப் பங்குச் சாமியாரிடம் ஓடினான். அவர் பிரான்சு தேசத்துக்காரர். வடாற்காட்டில் தலை நரைத்தவர். தமிழை ஷாப்பு ஆட்களிடம் கற்றதால் அவரும் "இன்னா" என்றுதான் கேட்பார். அன்று தோட்டத்தில் முட்டைக்கோசுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, அந்தப் படத்துக்கு யாரும் போகக் கூடாதுன்னு நீங்க உத்தரவு போடணும்."

"நீ பாத்தியா?"

"நானா? சிவனே... சேசுவே! இல்ல சாமி."

"பாக்காம பாவம்னு எப்பிடி சொல்ற? பாத்துட்டு வந்து சொல்லு."

இராயப்பன் சிலுவை போட்டுக்கொண்டு போனான். ஒரு தடவை பார்த்ததில் பாவம் மேலோட்டமாகத்தான் பிடிபட்டது என்று மறுநாளும் போனான். சிப்பாய் முதல் ரீலில் பெண்டாட்டியிடம் விடைபெறுகிற இடத்தில் எத்தனை பாவம், கடைசி ரீலில் எத்தனை பாவம் என்று பிரித்துப் பார்க்க இன்னொரு நாள் போனான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசற்படியில் ஏறி நின்று, அந்தப் படத்தில் கிறிஸ்தவர்கள் பார்க்கக் கூடாதவை எவையெவை என்று, ஒன்று விடாமல், தன் நல்ல குரலில் எடுத்துச் சொன்னான். அந்தப் பெண்ணின் தலைமுடி அவிழ்ந்து விழுவதைச் சொல்லும்போது அவன் குரல் லேசாக நடுங்கிற்று. அன்று சாயங்காலம் கோவில் தெருவே டெண்டில் உட்கார்ந்திருந்தது.

சமத் சாயபு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இராயப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உபதேசியாரே, உங்க தயவுல கூட்டம் ஜாஸ்தி. ஆனா பேஜாராய்டுச்சு. கதை சொல்ற ஆளு தொண்டை கட்டிப் படுத்துட்டான். உங்க மாதிரி கொரலு இந்த ஜில்லாவுல இல்ல. நீங்க வந்து கம்பு புடிக்கணும்."

"நானா? அந்தப் பாவத்துக்கு வாய் குடுக்கறதா?"

"பாவமா இருக்கற எடத்துல நீங்க புண்ணியமா சொல்லிடுங்க. யாரு கேக்கறா? படம்தான் பேசாதே!"

இந்த யோசனையில் ஒரு தர்ம நியாயம் இருப்பது இராயப்பனுக்கு உடனே தெரிந்தது. உள்ளே அடுப்பருகில் நின்றுகொண்டிருந்த ஆரோக்கியமேரிக்கு வேறொன்று தெரிந்தது. அதுவரை உபதேசியார் சம்சாரம் டெண்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. இனிமேல் புருஷன் கதை சொல்கிற இடத்துக்குப் போவதை யார் தடுப்பது?

அமிர்தவள்ளியோடு பெண்கள் பக்கத்துத் தரையில் போய் உட்கார்ந்தாள். நடுவில் படுதா கட்டி ஆண்கள் பக்கத்தைப் பிரித்திருந்தார்கள். ஹார்மோனியம் வாசித்தது. கம்பைத் தூக்கிக்கொண்டு இராயப்பன் பேசத் தொடங்கினான். சொல்லக்கூடாது, அருமையாகச் சொன்னான். சிப்பாய் குண்டடிபட்டு வேண்டிக்கொண்ட இடத்தில் அவன் தொண்டை அடைத்தது, டெண்டு முழுக்க மூக்கை உறிஞ்சிற்று. ஆரோக்கியமேரிக்கும் அழுகை வந்தது. அந்தக் குரல் யாருக்காக அடைக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசி ரீல் வந்தது. மடத்துப் பெரிய சாமியார், சந்நியாசியாகிவிட்ட சிப்பாயைக் கூப்பிடுகிறார். அவன் இடுப்புக் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்க்கிறார். பழைய சிப்பாய்ச் சட்டையை எடுத்து வந்து அங்கிக்கு மேலேயே மாட்டிவிடுகிறார். கதவைத் திறந்து அவனை வெளியே தள்ளுகிறார். வாசலில் பெண்டாட்டி. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு ஒரே பாய்ச்சல், ஒரே கட்டு, நீளமாக ஒரு முத்தம்.

இராயப்பன் கம்பால் திரையைத் தட்டினான். "மகாஜனங்களே! பெரிய சாமியார் சொல்லுகிறார்: மகனே, கடைசியாக ஒரு விசை போய், அந்த அபலைக்கு நற்புத்தி சொல்லிவிட்டுத் திரும்பி வா! அவளும் கன்னியாஸ்திரீயாகச் சம்மதித்து, சகோதர பாசத்தோடு விடை பெறுகிறாள்!"

"இதுவா சகோதர பாசம்?" என்று அமிர்தவள்ளி ஆரோக்கியமேரியின் காதில் சொன்னாள்.

 ஆரோக்கியமேரிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஏழு வருஷமாக அவள் உடம்பு அழுத்தி மூடின ஒரு பெட்டியாக இருந்தது. அன்று மூடி திறந்துகொண்டது. அந்தச் சட்டை மாட்டிவிடுகிற கையைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

சனிக்கிழமை ஷாப்பு விட்டதும் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டி போட்டாள். தட்டிக்கு அந்தப்புறம் பங்குச் சாமியார்.

"படம் பாத்தேன் சாமி. அந்தப் பொம்பளையக் கட்டிப் புடிச்சப்ப, என்னையும் அப்பிடிக் கட்டிப் புடிச்சா தேவலையேன்னு ஆசை வந்துச்சு."

"யார் கட்டிப் புடிக்க?"

"எங்க வூட்டுக்காருதான்."



"இதுல பாவம் எங்க இருக்கு மகளே? ஓ... உங்க பொருத்தனை. ரெண்டு பேரும் சேந்து குடுத்தீங்க இல்ல?"

"நான் எங்க சாமி குடுத்தேன்? நான் காய்ச்சல்ல கெடந்தேன். எந்திரிச்சப்ப குடுத்தாச்சுன்னாரு."

நாற்காலி கிரீச்சிட்டது. சாமியார் தட்டியருகே குனிந்தார்.

"உன்னைக் கேக்கல?"

"கேக்கல."

"பின்னாடி? என்னைக்காவது?"

"இன்னிக்கு வரைக்கும் கேக்கல."

பங்குச் சாமியார் தம் பாஷையில் என்னவோ முணுமுணுத்தார். ஜெபம் போல இல்லை. "புருஷன் ஒடம்பு பொண்டாட்டிக்குச் சொந்தம், பொண்டாட்டி ஒடம்பு புருஷனுக்குச் சொந்தம். வேதத்துல சின்னப்பரே எழுதி வச்சிருக்காரு. உன்னுத எடுத்து உன்னைக் கேக்காம காணிக்கை போட்டிருக்கான். அடுத்தவன் ஆட்டை அவுத்துனு வந்து நேந்துவுட்டா அந்தோனியார் வாங்குவாரா? இந்தப் பொருத்தனை செல்லாது."

ஆரோக்கியமேரி தட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகவில்லை. இத்தனை வருஷம் போய்விட்டதே!

"இதை நீங்களே அவருக்குச் சொல்லிடுங்க சாமி."

"முடியாது. இங்க கேட்டதை வெளிய சொன்னா என் பூசையே போச்சு. அவனா வந்து கேட்டா சொல்லலாம். அது வரைக்கும் நீதான் சொல்லணும்."

"நான் சொன்னா பசாசு பேசுதுன்னுவாரு."

"அப்ப, அவன் காதுல வுழற எடத்துல சொல்லு" என்று சொல்லிவிட்டு, அபராதமாக ஒரே ஒரு அருள்நிறை மந்திரம் கொடுத்தார். அதுவும் இத்தனைநாள் வாய் திறக்காததற்கு.

அவள் வீட்டிலேயே சொல்லிப் பார்த்தாள். சோறு போடும்போது, "நீங்க குடுத்த பொருத்தனை செல்லாதாமே" என்று தொடங்கினாள். இராயப்பன் எழுந்து தீர்த்தக் குப்பியை எடுத்து அவள்மேலும், கொஞ்சம் ரசத்தின்மேலும் தெளித்தான். "படம் பாத்ததுல கெட்டுப் போய்ட்ட. இனிமே டெண்டுக்கு வராத" என்றான். சொல்லிவிட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறவன்போல அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். ஆனால் அவள் தனக்கு இருந்த ஆத்திரத்தில் அதன் காரணத்தை யோசிக்கவில்லை.

டெண்டு பிரிக்கிற கடைசி நாள் ஆட்டத்துக்குப் போனாள். வேண்டுமென்றே முன்வரிசையில் உட்கார்ந்தாள். கோவில் தெரு பாதிக்கு மேல் அங்கே இருந்தது. படம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. கடைசி ரீல் ஓடியது. பெரிய சாமியார் கயிற்றை அவிழ்த்தார்.

"மகாஜனங்களே! பெரிய சாமியார் சொல்லுகிறார்: மகனே, கடைசியாக ஒரு விசை..."

"யோவ்!"

கம்பு அந்தரத்தில் நின்றது. அவள் அப்படிக் கூப்பிட்டு அவன் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஆரோக்கியமேரி எழுந்து நின்றுவிட்டாள்.

"யோவ், கண்ணு தெரியுதா உனக்கு? கயித்த அவுத்துட்டாரு. சட்டையும் மாட்டி வுட்டுட்டாரு. திரும்பி மடத்துக்கு வர்றவனுக்கு எதுக்குய்யா சிப்பாய் சட்டை?"

டெண்டு கொல்லென்று சிரித்தது. ஆண்கள் பக்கத்தில் ஒருவன் விசிலடித்தான். இராயப்பன், "அது... குளிருக்கு..." என்றான்.

"குளிருக்கா? அவரு இன்னா சொல்றார்னு நான் சொல்றேன் கேளு. பொண்டாட்டியக் கேக்காம குடுத்த பொருத்தனை செல்லாதுடா, வூட்டுக்குப் போடான்றாரு. அடுத்தவளுதைக் காணிக்கை போட உனக்கு யாருடா அதிகாரம் குடுத்ததுன்றாரு!"

சிரிப்பு அப்படியே அடங்கிற்று. கோவில் தெருக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. புரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். இராயப்பனை ஏழு வருஷமாகப் புனிதன் என்று கும்பிட்ட கிழவிகள் முக்காட்டுக்குள்ளிருந்து ஆரோக்கியமேரியைப் பார்த்தார்கள். அவர்களிலும் சிலரை யாரும் எதையும் கேட்டதில்லை. ஹார்மோனியக்காரன் கையை எடுத்துவிட்டான். இராயப்பன் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான்.  திரையில் கதவு திறந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதை சொல்ல ஆளில்லாமல் ஜனங்கள் அந்த ரீலைத் தாங்களாகவே பார்த்தார்கள். முத்தம் வந்தபோது யாரும் விசிலடிக்கவில்லை.

அன்று இராயப்பன் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் பூசைக்குப் பிறகு பங்குச் சாமியாரோடு முட்டைக்கோசுப் பாத்தியருகே நின்று பேசிக்கொண்டிருந்ததாகவும், சாமியார் கையை ஆட்டி ஆட்டித் திட்டியதாகவும் அமிர்தவள்ளி வந்து சொன்னாள். உச்சிவெயிலில் அவன் வந்தான். ஆரோக்கியமேரி அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் நிலைப்படியில் நின்றான். முகம் ஒரே நாளில் சுண்டிப்போயிருந்தது.

"சாமியாரைக் கேட்டேன். செல்லாதுன்னுட்டாரு" என்றான்.

"சரி."

"ரெண்டு பேரும் சேந்து குடுத்தோம்னு நான்தான் பொய் சொன்னேன்னு அவருகிட்ட ஒத்துக்கினேன்."

"சரி."

"உபதேசியாரு வேலை வோணாம்னு சொல்லிட்டேன். நாளைக்கு ஷாப்புல போய்க் கேக்கணும், தொட்டில எறங்க."

அவள் குழம்பைக் கிண்டினாள். அவன் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"இன்னா இன்னும்?" என்றாள்.

"பயமா இருக்கு மேரி."

"எதுக்கு?"

"செல்லாதுன்னு சாமியாரு சொல்லிட்டாரு. அந்தோனியாருக்கு அது தெரியணும் இல்ல? நான் உன்னைத் தொட்டு... நீ செத்துட்டின்னா? அந்த வருஷம் உன் கை எப்பிடி சில்லுனு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். பேரு, மருவாதி எல்லாம் எனக்குப் புடிச்சிருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா தெனம் ராத்திரி நீ மூச்சு வுடறியான்னு பாத்துட்டுத்தான் படுப்பேன்."

ஆரோக்கியமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். ஏழு வருஷமாக அவன் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்தோனியாரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க மாட்டாள். தன்னை வேண்டாதவன் பக்கத்தில் படுத்திருக்கிறோம் என்று எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். அந்த வருஷங்களை நினைத்து அவனை நாலு அறை அறையலாம்போலவும் இருந்தது, அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொள்ளலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"எப்பிடியும் ஒருநாள் சாவத்தான் போறேன்யா. தொட்டாலும் சாவேன், தொடாட்டியும் சாவேன். அன்னிக்கு என்னைக் கேக்காம குடுத்துட்ட. இன்னிக்கு என்னைக் கேக்காம எடுத்துக்கவும் கூடாது. கேளு."

டெண்டு நிறைந்த ஜனங்களைத் தன் குரலால் அழவைத்தவன் வாயைத் திறந்தான். மூடினான்.  வாசல் நிலையின் மரத்தை நகத்தால் சுரண்டினான். அவள் காத்திருந்தாள். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது, அதற்கும் அவள் திரும்பவில்லை.

கடைசியில் கேட்டான். மெட்டும் இல்லை, மகாஜனங்களும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவளுக்கே கேட்டும் கேட்காமலும், "உனக்குச் சம்மதமா, மேரி?" என்றான்.

 அவள் உள்ளே போய், பாய் விரிக்கிற இடத்தில் நடுவில் இருந்த பெட்டியைத் திறந்தாள். அந்தோனியாரை வெளியே எடுத்தாள். முந்தானையால் அவர் முகத்தில் படிந்த தூசியைத் துடைத்தாள், பாலசேசுவின் முகத்தையும் துடைத்தாள். கொண்டுபோய்ச் சுவர் மாடத்தில் வைத்து, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தாள்.

பிறகு சாயம் பழுத்த கையைப் புருஷன் பக்கம் நீட்டினாள்.